நிகழ்ச்சியே பாடம், இல்லமே குருகுலம்

குழந்தைக்குச் சோறு போடுவது வீட்டின் பொறுப்பு, கல்வி தருவது பள்ளியின் பொறுப்பு என்று நாம் பங்கு பிரித்துக்கொண்டு பல தலைமுறைகள் ஆகிவிட்டன. 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா தொற்றினால் நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டபோது அந்தப் பங்கீடு ஒரே வாரத்தில் குலைந்தது. விரும்பியோ விரும்பாமலோ ஒவ்வொரு தாயும் தந்தையும் ஆசிரியராக வேண்டியதாயிற்று. அப்போது பலருக்கு ஓர் உண்மை தெரியவந்தது. பாடப்புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவருவது எளிது. வீட்டைப் பாடமாக்குவது எளிதன்று.

இந்த இரண்டாவது செயல் எவ்வாறு நிகழ்கிறது, அதற்கு நம் நூல்கள் என்ன வழி காட்டுகின்றன, அதன் எல்லை எது என்பதை இந்தப் பாடத்தில் சிந்திப்போம்.

போவன்பள்ளிச் சந்தையில்

செகந்தராபாதை அடுத்த போவன்பள்ளியில் ஒரு தமிழ்க் குடும்பம். அந்த வீட்டுச் சிறுவனுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிகள் மூடப்பட்டபோது அவன் இரண்டாம் வகுப்பில் இருந்தான். மீண்டும் திறந்தபோது மற்றவர்களோடு அவனால் ஈடுகொடுக்க முடியவில்லை. எழுத்துகள் அவனுக்கு இடம் மாறித் தெரிந்தன. கணக்கு என்றாலே கைகள் நடுங்கின. பள்ளியிலிருந்து வந்த குறிப்பைப் படித்த உறவினர் ஒருவர், அவன் காதுபடவே, "இவன் தேறமாட்டான்" என்று கூறிவிட்டார். அதன்பின் சிறுவன் வீட்டிலும் பேசுவதைக் குறைத்துக்கொண்டான். தாய் ஓராண்டு அவனை வீட்டிலேயே வைத்துக் கற்பிக்க முடிவு செய்தார்.

காலை ஒன்பது மணிக்குக் கணக்கு, பத்து மணிக்குத் தமிழ் என்று சுவரில் அட்டவணை ஒட்டப்பட்டது. ஒரு மாதத்திற்குள் தாய்க்கும் மகனுக்கும் இடையே அழுகையும் கோபமுமே மிஞ்சின. பள்ளியில் இருந்த அச்சம் வீட்டிற்குக் குடிவந்துவிட்டது என்பதை அந்த அம்மையார் பிற்பாடு என்னிடம் சொன்னபோது அவர் கண்கள் கலங்கின.

ஒருநாள் வீட்டில் ஒரு சிறு விசேஷம். காய்கறி வாங்க மொத்தச் சந்தைக்குச் செல்ல வேண்டியிருந்தது. பையனைத் தனியே விட மனமில்லாமல் உடன் அழைத்துச் சென்றார். பாடம் நடத்தும் எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை. சந்தையில் தக்காளியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முதல் தரம் ஒரு கூடையில், இரண்டாம் தரம் மற்றொன்றில், மிச்சம் தரையில் ஒரு குவியலாக. சிறுவன் அந்தக் குவியலின் அருகிலேயே நின்றுவிட்டான். ஒரு தொழிலாளி அதனைக் கூடையில் அள்ளினார்.

"இதை எங்கே கொண்டுபோகிறார்கள்?" என்று அவன் கேட்டான். பல வாரங்களுக்குப் பின் அவனாகக் கேட்ட முதல் கேள்வி அது. தாய் தெலுங்கில் விசாரித்தார். "கரண்டு செய்வதற்கு" என்று பதில் வந்தது.

அது உண்மையே. போவன்பள்ளிக் காய்கறிச் சந்தையில் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தொழில்நுட்பம் ஹைதராபாதில் உள்ள இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவானது. பாரதப் பிரதமர் 2021 ஜனவரி 31 அன்று தம் வானொலி உரையில் இந்தச் சந்தையைக் குறிப்பிட்டதால் நாடு முழுவதும் இதன் பெயர் பரவியது. அழுகிய காய்களும் விற்காத கீரையும் அரைக்கப்பட்டுக் கூழாகின்றன. காற்றுப் புகாத கலத்தில் நுண்ணுயிர்கள் அந்தக் கூழைச் சிதைக்கின்றன. நம் கிராமங்களில் சாண எரிவாயுக் கலத்தில் நடப்பதுபோலவே அதிலிருந்து மீத்தேன் கலந்த வாயு வெளிப்படுகிறது. அந்த வாயு இயந்திரத்தை ஓட்டி மின்சாரம் தருகிறது. நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 10 டன் கழிவிலிருந்து சுமார் 500 யூனிட் மின்சாரமும், சந்தை உணவகத்தின் அடுப்புக்கு வேண்டிய எரிவாயுவும் கிடைத்ததாக அப்போது அறிவிக்கப்பட்டது.

சிறுவன் குவியலையும் மேலே தொங்கிய விளக்கையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு மெல்லக் கேட்டான்: "அம்மா, தேறாத காய்க்குள்ளேயும் வெளிச்சம் இருந்ததா?"

அவன் ஏன் 'தேறாத' என்ற சொல்லைப் பயன்படுத்தினான் என்பது தாய்க்கு உடனே விளங்கிவிட்டது. அவனை அணைத்துக்கொண்டு, "நீயும் அப்படித்தான் கண்ணா" என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவர் சொல்லவில்லை. "இருந்திருக்கிறதே! எப்படி வெளியே வந்தது என்று பார்ப்போமா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஓராண்டில் அவர் நடத்திய மிகச் சிறந்த பாடம், அவர் சொல்லாமல் விட்ட அந்த வாக்கியமே என்பது என் எண்ணம். அதற்கான காரணத்தைக் காண நாம் உபநிஷதத்திற்குச் செல்ல வேண்டும்.

உத்தாலகர் நடத்திய வகுப்பு

சாந்தோக்கிய உபநிஷதத்தின் ஆறாம் அத்தியாயம் ஒரு வீட்டில் நிகழ்வது. உத்தாலக ஆருணி தம் மகன் சுவேதகேதுவைப் பன்னிரண்டு வயதில் குருகுலத்திற்கு அனுப்புகிறார். இருபத்து நான்கு வயதில் அவன் வேதங்கள் அனைத்தையும் கற்று, அந்தக் கர்வத்துடன் திரும்பி வருகிறான். பன்னிரண்டு ஆண்டுக் கல்வி நிறைவுற்ற பின்னரே தந்தையின் கல்வி தொடங்குகிறது. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட கருவிகள் யாவை? ஒரு மண்கட்டி, ஓர் ஆலம்பழம், ஒரு பாத்திரம் நீர், சிறிது உப்பு.

ஆலம்பழத்தைக் கொண்டுவரச் சொல்கிறார், பிளக்கச் சொல்கிறார், உள்ளிருக்கும் விதையையும் பிளக்கச் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் என்ன தெரிகிறது என்று கேட்கிறார். இறுதியில் மகன், ஒன்றும் தெரியவில்லை என்கிறான். கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்மையிலிருந்தே இப்பெரிய ஆலமரம் நிற்கிறது என்ற உபதேசம் அதற்குப் பிறகுதான் வருகிறது. உப்பை இரவு நீரில் இட்டு, மறுநாள் காலையில் அதனைத் தேடி எடுக்கச் சொல்கிறார். அகப்படாதபோது, மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் நீரைச் சுவைக்கச் செய்கிறார். நாக்கு அறிந்துகொண்ட பின்னர் அறிவுக்குச் சொல்கிறார். வேறோர் இடத்தில் மகனைப் பதினைந்து நாள் உண்ணாமல் நீர் மட்டும் அருந்தச் செய்து, பின் வேதத்தை ஓதச் சொல்கிறார். கற்றது எதுவும் நினைவுக்கு வரவில்லை. உணவு உண்டபின் அனைத்தும் திரும்பி வருகின்றன. மனத்திற்கும் அன்னத்திற்கும் உள்ள உறவை அவன் தன் உடலிலேயே கற்றான்.

இந்தப் பகுதியை மொழிபெயர்க்க முயன்றபோது ஒன்று என் கவனத்தை ஈர்த்தது. தத்துவத்தை விளக்கும் வாக்கியங்களில் என் பேனா வேகமாகச் சென்றது. பழத்தைப் பிளக்கும் இடத்தில் தடுமாறியது. அங்கே தந்தையின் பேச்சு ஒன்றிரண்டு சொற்களாலான ஏவல்களும் கேள்விகளுமாகவே இருந்தது. அதனை அழகுபடுத்த நான் சேர்த்த ஒவ்வொரு சொல்லும் அவனுடைய கண்ணுக்கும் பழத்துக்கும் நடுவே வந்து நின்றது. இறுதியில் எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். காண்பவனுக்கும் காணப்படும் பொருளுக்கும் இடையே ஆசிரியர் நிற்கலாகாது என்பதே உத்தாலகரின் முறை. போவன்பள்ளித் தாய் அறியாமலேயே அந்த முறையைப் பின்பற்றினார். சிறுவன் ஏற்கெனவே விதையைப் பிளந்துவிட்டான். அவன் கண்டதை அவர் எடுத்துச் சொல்லியிருந்தால், அது அவருடைய ஆறுதலாக ஆகியிருக்கும். அவனுடைய கண்டுபிடிப்பாக இருந்திராது.

அழைக்காமல் வரும் ஆசிரியர்கள்

ஸ்ரீமத் பாகவதத்தின் பதினோராம் ஸ்கந்தத்தில் யது மன்னனுக்கு ஓர் அவதூதர் தம் இருபத்து நான்கு குருமார்களைப் பற்றிக் கூறுகிறார். பூமி, காற்று, கடல், தேனீ, மீன், சிலந்தி என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. அவற்றுள் ஒரு கன்னிப்பெண்ணும் இருக்கிறாள். பெண் கேட்டு வந்தவர்களுக்கு உணவு சமைக்க அவள் நெல் குத்துகிறாள். கைவளைகள் ஒலிக்கின்றன. வீட்டின் வறுமை வெளியே தெரிந்துவிடுமே என்று நாணி, கைக்கு ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற வளைகளை உடைத்துவிடுகிறாள். பலர் கூடினால் சச்சரவு, இருவர் கூடினாலும் பேச்சு, தனித்திருந்தால் அமைதி என்று அவதூதர் அறிந்துகொள்கிறார்.

அந்தப் பெண் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. அவள் பட்ட பாடு அவளுக்கு. கவனித்தவருக்கு அது ஞானமாயிற்று. அவ்வாறாயின் அன்றாட நிகழ்ச்சி தானாகவே பாடமாகிவிடுவதில்லை. விழிப்புள்ள மனம் அதனைச் சந்திக்க வேண்டும். ஆகையால் வீட்டுக் கல்வியில் பெற்றோர் முதலில் தேட வேண்டியது பாடப்பொருளை அன்று. குழந்தையின் கவனம் இப்போது எங்கே நிற்கிறது என்பதையே அவர்கள் பார்க்க வேண்டும். தக்காளிக் குவியலின் அருகில் நின்ற சிறுவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருந்தால் அன்றைய வகுப்பு முடிந்திருக்கும்.

மனோவிகாஸ் நகர் தரும் படிப்பினை

அதே போவன்பள்ளியில் மனோவிகாஸ் நகர் என்ற இடத்தில், அறிவுசார் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 1984-ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. இத்தகைய குழந்தைகளுக்குக் கற்பிக்கும் துறையில் வீடே முதன்மையான வகுப்பறை. பல் துலக்குதல், குளித்தல், சட்டை அணிதல், உண்ணுதல் ஆகியவையே பாடங்கள். பெற்றோர் அங்கே துணை ஆசிரியர்களாகப் பயிற்சி பெறுகிறார்கள்.

அவர்கள் கையாளும் முறை அனைத்துப் பெற்றோருக்கும் பயன் தரும். சட்டை அணிவதை நாம் ஒரு செயல் என்று நினைக்கிறோம். அதனைச் சிறு சிறு படிகளாகப் பிரிக்கிறார்கள். பல வேளைகளில் கடைசிப் படியை முதலில் கற்பிக்கிறார்கள். எல்லாப் பொத்தான்களையும் தாய் போட்டுவிட்டு, இறுதிப் பொத்தானைக் குழந்தையிடம் விடுவார். தொடக்கம் யாருடையதானாலும் முடித்த நிறைவு குழந்தையுடையதாகிறது. அது கைவந்தபின் கடைசி இரண்டு பொத்தான்கள், பிறகு மூன்று. பெற்றோரின் கை படிப்படியாக விலகுகிறது. உதவியைத் திட்டமிட்டுக் குறைத்துக்கொண்டே வருவதும் கற்பித்தலின் ஒரு பகுதியே என்று அத்துறையினர் கருதுகின்றனர்.

'என்ன சொல்லியும் ஏறவில்லை' என்று நாம் சலித்துக்கொள்ளும்போது, படியின் உயரம் அதிகமோ என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

டால்ஸ்டாய் பண்ணையின் எச்சரிக்கை

வீட்டுக் கல்வியின் பெருமையை மட்டும் கூறி நிறுத்துவது நேர்மையாகாது. காந்தியடிகள் 1910-இல் ஜோகன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார். அங்கிருந்த குழந்தைகளுள் தமிழ்க் குழந்தைகளும் இருந்தனர். மண்வெட்டுதல், துப்புரவு, சமையல், செருப்புத் தைத்தல் ஆகியவை பாடங்களாயின. ஆசிரியர் தாம் செய்யாத வேலையைப் பிள்ளைகளிடம் சொல்லலாகாது என்பது அங்கே விதி. தமக்குத் தெரிந்த சிறிதளவு தமிழை வைத்துக்கொண்டே காந்தியடிகள் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். ஒருமுறை அடங்காத ஒரு மாணவனை அளவுகோலால் அடித்துவிட்டு, அதற்காகப் பின்னாளிலும் வருந்தியதாகத் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார்.

அதே சுயசரிதையில் மற்றொன்றையும் அவர் மறைக்கவில்லை. தம் சொந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் தாமே கற்பிக்க முற்பட்டார்; பொதுப்பணியினால் போதிய நேரம் ஒதுக்க இயலவில்லை. முறையான கல்வி கிடைக்கவில்லையே என்ற குறை பிள்ளைகளுக்கு இருந்தது. மூத்த மகன் ஹரிலால் 1911-இல் தந்தையைப் பிரிந்து இந்தியாவுக்கு வந்துவிட்டார். தந்தையின் இலட்சியம் உயர்ந்ததாயினும் அதன் விலையை மகன் கொடுக்க நேரலாம் என்பதை இந்த வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

எனவே வீட்டில் கற்பிக்க விரும்புவோர் மூன்றை மறத்தலாகாது. முதலாவது, சட்டம். 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பள்ளிக் கல்வியை உரிமையாக்கியுள்ளது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், கடுமையான அல்லது பல்வகைக் குறைபாடுள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே கற்க வழி செய்துள்ளது. இரண்டாவது, சான்றிதழ். பிற்காலத்தில் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே தேர்வெழுத வாய்ப்பு உண்டு. அதற்கான ஆயத்தம் முன்கூட்டியே வேண்டும். மூன்றாவது, தோழமை. ஒத்த வயதுப் பிள்ளைகளோடு சண்டையிட்டு மீண்டும் சேர்ந்துகொள்ளும் பாடத்தை எந்தத் தாயாலும் தனியே நடத்த முடியாது. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோருக்கும் இந்தக் கட்டுரை பொருந்தும். பள்ளி முடிந்த பின்னும் நாளில் பெரும்பகுதி வீட்டில்தானே கழிகிறது?

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அன்பர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவருடைய சிறு மகள் வளர்த்த கோழிக்குஞ்சு அன்று காலையில் இறந்துபோயிருந்தது. நல்லதொரு வாய்ப்பு என்று கருதி, தோன்றியவை யாவும் மறையும் என்பதைக் குழந்தைக்கு ஏற்ற எளிய மொழியில் விளக்கத் தொடங்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "சுவாமிஜி, முதலில் அதைப் புதைத்துவிட்டு வரலாமா?" என்றாள். தத்துவத்தில் பட்டம் பெற்ற எனக்கு அது தோன்றவில்லை. இருவரும் தோட்டத்தில் குழி தோண்டினோம். அவள் ஒரு செம்பருத்திப் பூவை வைத்தாள். நான் ஒன்றும் பேசவில்லை. நிலையாமையைப் பற்றி அன்று கற்றுக்கொண்டது நான்தான்.

ஒவ்வொரு நிகழ்ச்சியையும் உபதேசமாக்கும் வீட்டில் குழந்தைகள் விரைவில் காதை மூடிக்கொள்வார்கள். துயரத்திற்கு முதலில் துணை வேண்டும். பாடம் காத்திருக்கலாம்.

மூன்று படிகள்

வேதாந்தம் கற்பவர்களுக்குச் சிரவணம், மனனம், நிதித்யாசனம் என்ற மூன்றும் புதியவை அல்ல. கேட்டல், அதனை ஆராய்தல், அதில் ஆழ்ந்து நிலைத்தல். பிரம்ம வித்தைக்குரிய இந்த வரிசை, சிறுவர் கல்விக்கும் ஓர் ஒளி தருகிறது. போவன்பள்ளி வீட்டில் பின்னர் நடந்ததைக் கொண்டே இதனை விளக்கலாம்.

சந்தையில் கண்டதும் கேட்டதும் முதற்படி. அன்று மாலை சிறுவன் காய்கறித் தோலை நறுக்கி, சிறிது சாணமும் நீரும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் புட்டியில் இட்டு, வாயில் பலூனை மாட்டினான். வெயிலில் வைத்தான். மூன்று நாள் ஆகியும் பலூன் அசையவில்லை. தாய்க்குக் காரணம் தெரிந்தும் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் புட்டியின் வாயில் காற்றுக் கசிவதை அவனே கண்டுபிடித்து ரப்பர் வளையத்தால் இறுக்கினான். பிறகு பலூன் மெல்ல எழுந்தது. அடுப்பின் அருகே கொண்டுசெல்லக் கூடாது என்ற ஒரு கட்டளையை மட்டும் தாய் இட்டிருந்தார். இது ஆராய்தலாகிய இரண்டாம் படி.

மூன்றாம் படியில் கணக்கு தானே வந்து சேர்ந்தது. 10 டன் என்பது 10,000 கிலோ. அதிலிருந்து 500 யூனிட். அப்படியானால் ஒரு கிலோவிலிருந்து எவ்வளவு? ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்கு. ஒரு யூனிட் என்பது 1,000 வாட் மணி. அதில் இருபதில் ஒரு பங்கு 50 வாட் மணி. அவன் படிக்கும் மேசையில் இருந்தது 10 வாட் விளக்கு. ஒரு கிலோ அழுகல் காய் அந்த விளக்கை ஐந்து மணி நேரம் எரியவைக்கும்! பின்னம் என்றாலே நடுங்கிய கை, இந்தக் கணக்கைப் போட்டு முடிக்க இரண்டு நாள் எடுத்துக்கொண்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை. முடித்ததும் அவன் செய்த முதல் காரியம், மேசை விளக்கைப் போட்டு அதன் முன் அமர்ந்துகொண்டதுதான்.

இதன்பின் அற்புதம் நிகழ்ந்தது என்று எழுத ஆசைதான். நிகழ்ந்தது வேறு. எழுத்து இடம் மாறித் தெரிவதற்குச் சந்தை மருந்தாகாது என்பதை அந்தத் தாய் உணர்ந்திருந்தார். தகுந்த நிபுணரிடம் காட்டி, சிறப்புப் பயிற்சி பெறச் செய்தார். ஓராண்டுக்குப் பின் அவன் வேறொரு பள்ளியில் சேர்ந்தான். இன்றும் மெதுவாகவே படிக்கிறான். ஆனால் தெரியாததைத் 'தெரியவில்லை' என்று எழுந்து நின்று கேட்கிறான். ஆலம்விதையின் உள்ளே ஒன்றும் தெரியவில்லை என்று சுவேதகேது சொன்ன இடத்தில்தானே தந்தையின் உபதேசம் தொடங்கியது?

அந்த வீட்டுச் சுவரில் காலை அட்டவணை இருந்த இடத்தில் இப்போது ஒரு வெற்றுத்தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. அன்றன்று எழும் கேள்விகளை வீட்டிலுள்ளோர் யாவரும் அதில் எழுதுகிறார்கள். சென்றமுறை நான் போனபோது பாட்டியின் கையெழுத்தில் ஒரு கேள்வி இருந்தது. பால் பொங்குகிறது, தண்ணீர் ஏன் பொங்கி வழிவதில்லை? விடையைப் பேரன் தேடிக்கொண்டிருந்தான்.

பயிற்சிக்கு

1. இந்த வாரம் ஒருநாள், உங்கள் குழந்தையின் கவனம் தானாக எங்கே நிற்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். எதுவும் கற்பிக்க வேண்டாம்.

2. குழந்தை கேட்கும் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தும் சொல்லாமல், "எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று திருப்பிக் கேளுங்கள். துயரத்தில் எழும் கேள்விக்கு இம்முறை பொருந்தாது. அப்போது அருகில் அமருங்கள்.

3. வீட்டில் யாரையேனும், எதையேனும் 'தேறாதது' என்று நாம் ஒதுக்கியிருக்கிறோமா? சத்சங்கத்தில் கூடியுள்ளோர் ஒருவருக்கொருவர் கூற வேண்டியதில்லை. தமக்குள் ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும்.